காப்பி எடுக்கக் கூடாதுன்னு கட்டிப்போட்ட கேசட்

டேட்னு சொன்னதும் காபி ஷாப்ல எதிரெதிரா உட்கார்ந்து பேசற சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. :-) நான் சொல்றது டிஜிட்டல் ஆடியோ டேப். சுருக்கமா டேட். சாதா ஆடியோ கேசட்டைத் துவைச்சுக் காயப்போட்டு அது சுருங்கிப் போனா எப்படி இருக்குமோ அந்த சைஸ். 73 மில்லிமீட்டர் நீளம், 54 மில்லிமீட்டர் அகலம். முன்பக்கம் வீடியோ கேசட்டுக்கு இருக்கிற மாதிரியே ஒரு மூடி. உள்ளே நாலு மில்லிமீட்டர்கூட முழுசா இல்லாத அகலத்துல ஒரு நாடா. 1987ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்துச்சு. 2005 கடைசியில சோனி தன்னோட டேட் ரெக்கார்டர் தயாரிப்பை நிறுத்திடுச்சு. நடுவுல இருந்த 18 வருஷத்துல உங்க தெருவுல யார் வீட்லயாவது இதைப் பார்த்திருக்கீங்களா? நானும் பார்த்ததில்லை.

போன ஒரு வருஷமா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு இந்த கேசட்டோடதான் குடித்தனம். வீட்ல "அந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழுங்க"ன்னு சொல்ற அளவுக்குப் போயிடுச்சு. அதுல எனக்கு உறுதியாப் பட்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. இந்த கேசட்டை வீடுகளுக்குள்ள வரவிடாம செஞ்சது, அது அச்சு அசலா காப்பி எடுத்துடும்ங்கிற பயம். இன்னிக்கு அந்த கேசட்டுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கிற குரல்களைக் காப்பாத்த இருக்கிற ஒரே வழியும் அதே காப்பிதான். இதை நினைச்சா சிரிப்பும் வருது, கோபமும் வருது.

முதல்ல மெஷினைப் பார்த்துடலாம். சாதா டேப் ரெக்கார்டர்ல ஹெட் அசையாம நிக்கும், நாடா அதை உரசிக்கிட்டுப் போகும். டேட்ல அப்படி இல்லை. நம்ம பழைய வீசீஆர் மாதிரி, உள்ளே ஒரு உருளை சாய்வா நின்னு சுத்தும். 30 மில்லிமீட்டர் விட்டம், நிமிஷத்துக்கு 2000 சுத்து. ஹெட் அந்த உருளையில பதிச்சிருக்கும். நாடா ஒரு நொடிக்கு 8 மில்லிமீட்டர் சொச்சம்தான் நகரும், அதாவது நத்தை வேகம். ஆனா ஹெட் சுத்தறதால நாடாவுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற வேகம் நொடிக்கு மூணு மீட்டருக்கு மேல போயிடும். நாடாவுல சாய்வா கோடு கோடா எண்களை எழுதிக்கிட்டே போகும். ஒரு கோட்டோட அகலம் 13.6 மைக்ரான். நம்ம தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன். அவ்வளவு பொடி எழுத்துல எழுதறதாலதான் 60 மீட்டர் நாடாவுல ரெண்டு மணி நேரம் அடைக்க முடியுது.

தரம்? நொடிக்கு 48,000 தடவை, 16 பிட் அளவுல சத்தத்தை அளந்து எழுதும். சிடியில அது 44,100 தடவை. டேட்ல எந்தச் சுருக்கலும் கிடையாது, எம்பி3 மாதிரி காதுக்குத் தெரியாதுன்னு எதையும் தூக்கி எறியறதும் கிடையாது. சிடி பிளேயரே பணக்கார வீட்டுப் பொருளா இருந்த 1987ல, சிடிக்குச் சமமான தரத்துல வீட்ல உட்கார்ந்து நீங்களே பதிவு பண்ணலாம்னா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ரெக்கார்டு கம்பெனிகளும் அதையேதான் யோசிச்சுப் பார்த்தாங்க. யோசிச்சுட்டு அரண்டுட்டாங்க.

அந்த பயம் புரியணும்னா நம்ம ஊர் ரெக்கார்டிங் சென்டர்களை ஞாபகப்படுத்திக்குங்க. எண்பதுகள்ல பாட்டு லிஸ்ட் எழுதி, ஒரு 60 இல்லேன்னா 90 கேசட்டோட கொண்டு போய்க் கொடுத்தா, நாலு நாள்ல பதிவு பண்ணி வெச்சிருப்பாங்க. அந்தக் கேசட்டை நண்பன் கடன் வாங்கி இன்னொண்ணு போட்டுப்பான். அதுல இருந்து அவன் தம்பி ஒண்ணு போட்டுப்பான். ஒவ்வொரு கைமாறும்போதும் "உஸ்ஸ்ஸ்"னு ஒரு இரைச்சல் கூடிக்கிட்டே போகும். நாலாவது காப்பியில பாடறது ஆணா பெண்ணான்னே சந்தேகம் வந்துடும். அந்த இரைச்சல்தான் கம்பெனிகளுக்கு இயற்கையே கொடுத்த பூட்டு. டேட் அந்தப் பூட்டை உடைச்சுடுச்சு. எண்ணைப் பார்த்து எண்ணை எழுதறதால, நூறாவது காப்பியும் முதல் காப்பியும் ஒண்ணுதான்.

உடனே ஆரம்பிச்சது ரகளை. அமெரிக்காவுல சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் 'காப்பிகோட்'னு ஒரு யோசனையைக் கொண்டு வந்தாங்க. பாட்டுல 3,800 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு மெல்லிய கீற்று அளவுக்குச் சத்தத்தை வெட்டி எடுத்துடுவாங்களாம். ரெக்கார்டர் அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சா பதிவு பண்ண மாட்டேன்னு நின்னுடுமாம். யோசிச்சுப் பாருங்க, திருடன் வரக் கூடாதுன்னு வீட்டுச் சுவத்துல நாமே ஓட்டை போடற கதை! அமெரிக்க அரசோட தர நிர்ணய ஆய்வகம் இதைச் சோதிச்சுப் பார்த்து 1988ல அறிக்கை கொடுத்தது. சத்தத்தோட தரம் கெடுது, எல்லா நேரமும் காப்பியைத் தடுக்கவும் இல்லை, சுலபமா ஏமாத்தவும் முடியுதுன்னு சொல்லிட்டாங்க. காப்பிகோட் அத்தோட சமாதி.

இதுல ஒரு கூத்து. இந்தச் சண்டை நடந்துக்கிட்டிருக்கும்போதே, 1988 ஜனவரியில, டேட்டைப் பண்ணின சோனியே சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை விலைக்கு வாங்கிடுச்சு. 200 கோடி டாலர். பூட்டுக் கடையும் சாவிக் கடையும் ஒரே முதலாளிகிட்ட!

அப்புறம் 1989ல ஏதென்ஸ் நகரத்துல மெஷின் பண்றவங்களும் ரெக்கார்டு கம்பெனிகளும் உட்கார்ந்து ஒரு சமரசத்துக்கு வந்தாங்க. அதோட பேர் எஸ்.சி.எம்.எஸ். விஷயம் சிம்பிள். சிடியில இருந்து டேட்டுக்கு டிஜிட்டலா ஒரு காப்பி எடுக்கலாம். அப்படி எடுத்த காப்பியில ஒரு அடையாளம் விழுந்துடும். அந்தக் காப்பியில இருந்து இன்னொரு டேட்டுக்கு எடுக்கப் போனா மெஷின் மறுத்துடும். பிள்ளை பெத்துக்கலாம், பேரன் கூடாது. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் 1990ல அமெரிக்கக் கடைகளுக்கு வீட்டு உபயோக டேட் டெக் முறையா வந்தது. விலை ஆயிரம் டாலருக்குக் கிட்ட. வந்த சூட்டோட பாடலாசிரியர் சாமி கான் பேர்ல சோனி மேல வழக்கு. அது சமாதானமாகி, 1992 அக்டோபர்ல வீட்டுப் பதிவுக்குன்னே ஒரு தனிச் சட்டம் வந்தது. வீட்டு உபயோக டிஜிட்டல் ரெக்கார்டர் எல்லாத்துலயும் எஸ்.சி.எம்.எஸ். கட்டாயம். மெஷின் விலையில 2 சதவீதம், வெறும் கேசட் விலையில 3 சதவீதம் இசைத்துறைக்குக் கப்பம். பதிலுக்கு, வீட்ல சொந்த உபயோகத்துக்குக் காப்பி எடுக்கறவங்க மேல வழக்குப் போட மாட்டோம்னு ஒரு உறுதி. நியாயமாச் சொன்னா அந்தக் கடைசிப் பகுதி நல்ல விஷயம்தான். ஆனா கல்யாணமே நின்ன பிறகு பந்தி போட்ட மாதிரி, ரொம்ப லேட். அஞ்சு வருஷம் இழுத்தடிச்சதுல டேட் மேல இருந்த ஆசையே ஜனங்களுக்குப் போயிடுச்சு. கடைசி வரைக்கும் சோனி வித்த டேட் சாதனங்கள் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம்தானாம். அதே சோனி வித்த கேசட் வாக்மேன் 20 கோடி.

சட்டம் எதைத் தடுக்கணும்னு நினைச்சுதோ அதையாவது தடுத்துச்சா? அதுவும் இல்லை. அந்தச் சட்டத்துல கம்ப்யூட்டருக்கு விலக்கு உண்டு. 1992ல கம்ப்யூட்டர்ல பாட்டுக் கேப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் சிடி ரைட்டர் வந்தது, எம்பி3 வந்தது. 1998ல டைமண்ட் கம்பெனி ரியோன்னு கைக்கடக்கமா ஒரு எம்பி3 பிளேயர் விட்டாங்க. இசைத்துறை கோர்ட்டுக்குப் போச்சு. இது அந்தச் சட்டம் சொல்ற ரெக்கார்டரே இல்லைன்னு 1999ல தீர்ப்பு வந்துடுச்சு. அதே வருஷம் நாப்ஸ்டர். முன்வாசலை இழுத்துப் பூட்டிக் காவலுக்கு ஆள் போட்டாங்க, கொல்லைப்புறம் மொத்தமாத் திறந்து கிடந்தது.

சரி, அப்போ டேட்டை யார்தான் வாங்கினாங்க? ஒண்ணு, ஸ்டூடியோக்காரங்க. தொழில்முறை மெஷின்களுக்குச் சட்டத்துல விலக்கு இருந்தது, அதனால தொண்ணூறுகள்ல எத்தனையோ ஆல்பங்களோட கடைசிக் கலவை டேட்லதான் முடிஞ்சு போச்சு. ரெண்டாவது, கச்சேரி பதிவு பண்ற கிறுக்கனுங்க. (மரியாதையாத்தான் சொல்றேன். நானும் அந்த ஜாதிதான்.) அமெரிக்காவுல கிரேட்ஃபுல் டெட்னு ஒரு ராக் குழு இருந்தாங்க. அவங்க 1984லயே தங்களோட கச்சேரிகள்ல பதிவு பண்றவங்களுக்குன்னு அரங்கத்துல தனி இடம் ஒதுக்கிட்டாங்க. மைக்கை உசத்திப் பிடி, பதிவு பண்ணு, நண்பர்களோட மாத்திக்கோ, காசுக்கு மட்டும் விக்காதே. அதான் விதி. முதல்ல கேசட்ல பதிவு பண்ணிக்கிட்டிருந்தவங்க எண்பதுகளோட கடைசியில டேட்டுக்கு மாறினாங்க. அந்தப் பதிவுகள்ல ஆயிரக்கணக்குல இன்னிக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல கேக்கக் கிடைக்குது. இதுக்கு முக்கியக் காரணம் ஒண்ணுதான். ஒவ்வொரு கச்சேரிக்கும் பத்துப் பேர், இருபது பேர்னு காப்பி வெச்சிருந்தாங்க. ஒருத்தர் கேசட்டைப் பூஞ்சை தின்னாலும் இன்னொருத்தர் அலமாரியில அது பத்திரமா இருந்தது.

மூணாவது ரகம் என் சித்தப்பா.

தொண்ணூறுகள்ல நியூஜெர்சியில வேலை பார்த்தவர். சம்பளத்துல பாதி வாடகைக்கு, மீதியில பாதி ஆடியோ சாமானுக்குன்னு வாழ்ந்த மனுஷன். ஒரு போர்ட்டபிள் டேட் ரெக்கார்டரும் ஒரு ஜோடி மைக்கும் வெச்சிருந்தார். வீட்ல நடக்கிற சின்னச் சின்னக் கச்சேரி, நவராத்திரி கொலு, பிள்ளைங்க முதல் தடவை மேடை ஏறினது, எல்லாத்தையும் பதிவு பண்ணுவார். 1996ல என் அப்பாயி ஆறு மாசம் அவர் வீட்டுக்குப் போயிருந்தாங்க. திருவாரூர் பக்கத்துக் கிராமத்துல பிறந்து வளர்ந்தவங்க. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரின்னு அவங்களுக்குத் தெரியாத பாட்டு கிடையாது. எதையும் எழுதி வெச்சதும் கிடையாது. பள்ளிக்கூடம் பக்கம் போனாத்தானே எழுத! வெளியில பனி கொட்டிக்கிட்டிருக்க, சாப்பாட்டு மேஜையில மைக்கை வெச்சு சித்தப்பா பாடச் சொல்லியிருக்கார். எட்டு கேசட், தலா ரெண்டு மணி நேரம். நடுநடுவுல "போதும்டா, தொண்டை கட்டுது"ன்னு அவங்க சொல்றதும் பதிவாகியிருக்கு.

2001ல அப்பாயி போயிட்டாங்க. சித்தப்பா ரிட்டையர் ஆகி சென்னைக்கே வந்துட்டார். மெஷின் எப்பவோ செத்துப் போச்சு. போன வருஷம் அலமாரி ஒழிக்கும்போது பிஸ்கட் டப்பாவுல 43 கேசட்டை என்கிட்ட கொடுத்து, "உனக்குத்தான் இந்தக் கிறுக்கு இருக்கே, ஏதாவது பண்ணுப்பா"ன்னார்.

பண்ணலாம்தான், ஆனா எதுல போட்டுக் கேக்கறது? புது டெக் எங்கேயும் கிடையாது. அமெரிக்காவுல இருக்கிற அத்தை பையன் மூலமா ஒரு பழைய டெக்கை வாங்கி, ஊருக்கு வர்றவங்க பெட்டியில திணிச்சு வரவழைச்சேன். 110 வோல்ட் சரக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினா, உள்ளே போன கேசட் வெளியே வரமாட்டேங்குது. பழைய மெஷின்ல கிரீஸ் எல்லாம் கோந்து மாதிரி இறுகிப் போயிருக்கும். ரப்பர் உருளை கெட்டிப்பட்டுப் போயிருக்கும். விசாரிச்சு விசாரிச்சு ஒரு பழைய வீசீஆர் மெக்கானிக்கைப் பிடிச்சேன். எண்பதுகள்ல வாடகை டெக்குகளா ரிப்பேர் பண்ணித் தள்ளினவர். டேட்டை அவர் வாழ்க்கையில பார்த்ததே இல்லை. மூடியைக் கழட்டினதும் சிரிச்சுட்டார். "என்ன தம்பி, இது வீசீஆர் போட்ட குட்டி மாதிரி இருக்கு!" அதேதான். சாய்ஞ்ச உருளை, நாடாவை இழுத்து உருளையைச் சுத்திவிடற குட்டிக் கம்பங்கள், எல்லாம் அவருக்குப் பழகின சமாச்சாரம். மூணு வாரத்துல ஓட வெச்சுட்டார்.

முதல் கேசட்டைப் போட்டு ஹெட்போனை மாட்டினேன். பொய் சொல்லலை, அப்படியே சிலிர்த்துப் போச்சு. இரைச்சல்னு ஒண்ணு இல்லவே இல்லை. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அப்பாயி மூச்சு இழுக்கறது கேக்குது. வளையல் மேஜையில இடிக்கறது கேக்குது. 28 வருஷம் பழசுன்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. அந்த வகையில டேட் பத்தி அன்னிக்குச் சொன்ன பெருமை ஒண்ணும் புளுகு இல்லை.

ஆனா ஆறாவது கேசட்ல பிரச்சினை ஆரம்பிச்சது. டிஜிட்டல்னா அழியாதுன்னு நம்மள்ல பல பேர் நினைச்சுக்கிட்டிருக்கோம். நிஜம் அதுக்கு நேர் தலைகீழ். சாதா கேசட் வயசாக ஆக மெதுவாத் தேயும், முதல்ல இரைச்சல், அப்புறம் மங்கல், அப்பவும் குரல் கேக்கும். டேட்ல சின்னச் சின்னப் பிழையை மெஷினே கணக்குப் போட்டுச் சரி பண்ணிடும், நமக்குத் தெரியவே தெரியாது. பிழை கொஞ்சம் கூடினா அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து ஊகிச்சு நிரப்பும். அதையும் தாண்டிட்டா பட்டுனு மௌனம். நடுவழின்னு ஒண்ணு கிடையாது. நேத்து வரைக்கும் பளிங்கு மாதிரி கேட்ட கேசட் நாளைக்கு ஊமையாகிடலாம்.

இன்னொரு தலைவலி, பதிவு பண்ணின மெஷின்ல நாடா போற பாதை இம்மி விலகியிருந்தாக்கூட, கோடுகளும் இம்மி விலகி விழுந்திருக்கும். அந்த மெஷின்ல அது சரியாப் பாடும், வேற மெஷின்ல பாடாது. 13.6 மைக்ரான் கோட்டுக்கு இம்மின்னா எவ்வளவுன்னு பார்த்துக்குங்க. மெக்கானிக் அண்ணன் கம்பத்தோட உயரத்தை முடியளவு திருப்பித் திருப்பி ரெண்டு கேசட்டைப் பேச வெச்சார். மூணு கேசட் கடைசி வரைக்கும் பேசலை. அந்த மூணுல ஒண்ணு, அப்பாயி தன் அம்மாவுக்காகப் பாடின ஒப்பாரி. நாற்பது நிமிஷம். நாடாவுல பொட்டுப் பொட்டா வெள்ளையாப் பூஞ்சை. ஒரு வார்த்தை வரும், ரெண்டு நொடி மௌனம், பாதி வார்த்தை, மறுபடி மௌனம்.

சித்தப்பாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார், "இன்னொரு காப்பி போட்டு வெச்சேன்டா அப்பவே. அதை நியூயார்க்ல இருந்த ஃப்ரெண்டுகிட்ட கொடுத்தேன். அவன் அதுல இருந்து இன்னொண்ணு எடுத்து வெச்சுக்கறேன்னான். மெஷின் விடலை." எஸ்.சி.எம்.எஸ். தன் வேலையைச் சரியாப் பண்ணியிருக்கு பாருங்க. சொந்த மைக்ல, சொந்தச் சாப்பாட்டு மேஜையில, சொந்த அம்மா பாடினது. எந்தக் கம்பெனியோட பாட்டு இது? மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. மைக் வழியாப் பதிவானதுன்னா டிஜிட்டலா ஒரு காப்பி, அந்தக் காப்பியில இருந்து அடுத்தது கிடையாது. அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச சட்டம். அந்த நண்பர் அப்புறம் ஊர் மாறி, தொடர்பு விட்டுப் போச்சு. காப்பியும் போச்சு.

கடைசியில அந்த ஒப்பாரி கிடைச்சது மன்னார்குடியில, சின்ன அத்தை வீட்ல. 1997ல ஊருக்கு வந்தப்ப சித்தப்பா அத்தைக்காக ஒரு சாதா 90 கேசட்ல போட்டுக் கொடுத்திருக்கார். அத்தை அதைப் பூஜை ரூம் அலமாரியில வெச்சு, திதி அன்னிக்கு மட்டும் போட்டுக் கேட்டிருக்காங்க. விபூதி வாசனையோட அந்த கேசட் என் கைக்கு வந்தது. இரைச்சல் இருக்கு, வேகம் கொஞ்சம் ஆடுது, வளையல் சத்தம் கேக்கலை. ஆனா நாற்பது நிமிஷமும் முழுசா இருக்கு. பிறந்த வீட்டு வாசல்ல நின்னு அம்மாவைக் கூப்பிடற அந்த வரி வர்ற இடத்துல அப்பாயி குரல் உடையுது. டேட்ல அந்த இடம் மௌனம்.

இதைத்தான் நான் சொல்ல வந்தது. தரம் ஒண்ணையும் காப்பாத்தாது. காப்பிகளோட எண்ணிக்கைதான் காப்பாத்தும். உலகத்துலயே சிறந்த மெஷின்ல எடுத்த ஒத்தைக் காப்பியை விட, சுமாரான மூணு காப்பி மூணு ஊர்ல இருக்கறது மேல். அந்தக் காலத்து ஓலைச்சுவடிகளும் திரும்பத் திரும்பப் படியெடுத்ததால மட்டுமே நம்ம கைக்கு வந்தது. படியெடுக்காத சுவடியைக் கரையான் வாங்கிக்கிச்சு.

"அப்போ பாடறவன் எப்படிய்யா பிழைப்பான்?"னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஒரு பாடகரோட ஆல்பத்தை ஊர் முழுக்க இலவசமாக் கொடுத்தா அவர் வயித்துல அடிக்கறதுதான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்லை. சபாவுல பதிவு பண்ணாதேன்னு சொன்னா நான் பண்றதும் இல்லை. என் வழக்கு வேற. அந்தப் பூட்டு எந்தப் பாட்டைக் காக்கப் போட்டாங்களோ, அது லட்சக்கணக்குல அச்சடிச்ச பாட்டு. பூட்டு இல்லைன்னாலும் அது அழிஞ்சிருக்காது. உலகத்துல ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கிற குரல் மேலதான் அந்தப் பூட்டு நிஜமா விழுந்தது. விக்கறவனையும் வீட்டுக்காரனையும் ஒரே கயித்துல கட்டினா, விக்கறவன் வேற வழி கண்டுபிடிச்சுப் போயிடுவான். வீட்டுக்காரன்தான் கட்டுண்டு நிப்பான். அதுவும் மெஷினுக்குள்ளயே சட்டத்தை வெச்சுட்டா, "ஐயா, இது எங்கம்மா"ன்னு முறையிடக்கூட ஆள் கிடையாது.

இது ஏதோ செத்துப் போன கேசட்டோட கதைன்னு ஒதுக்கிடவும் முடியாது. இன்னிக்கு உங்க வீட்டுப் பெரியவங்க குரல் எங்கே இருக்கு? போன்ல, ஏதோ ஒரு ஆப்ல, யாரோ ஒரு கம்பெனியோட சர்வர்ல. அதை வெளியே எடுத்து உங்க இஷ்டத்துக்கு நாலு இடத்துல வைக்க முடியுமான்னு ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. சில இடத்துல சுலபமா வரும். சில இடத்துல எஸ்.சி.எம்.எஸ். வேற சட்டை போட்டுக்கிட்டு நிக்கும்.

உங்க வீட்லயோ, சொந்தக்காரங்க வீட்லயோ டேட் கேசட் இருந்தா, தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச நாலு விஷயம் சொல்றேன்.

பூஞ்சை இருக்கான்னு வெளிச்சத்துல பார்க்காம எந்த கேசட்டையும் மெஷின்ல போடாதீங்க. ஒரு கேசட்டோட பூஞ்சை ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

டெக்ல இருந்து கம்ப்யூட்டருக்கு டிஜிட்டல் வயர் வழியாவே எடுங்க. 48,000ல பதிவானதை 48,000லயே வையுங்க, மாத்தாதீங்க. ரெண்டு மணி நேர கேசட்டுக்கு 1.4 ஜிபி ஆகும், இன்னிக்கு அது ஒரு விஷயமே இல்லை. கம்ப்யூட்டர் பெரும்பாலும் அந்த எஸ்.சி.எம்.எஸ். அடையாளத்தைக் கண்டுக்கறதே இல்லை. (சட்டத்துல விலக்குன்னு சொன்னேனே!)

கச்சேரியை நீட்டறதுக்காகச் சில பேர் மெதுவா ஓடற முறையில, 32,000 அளவுல பதிவு பண்ணியிருப்பாங்க. எல்லா டெக்கும் அதைப் படிக்காது. வாங்கறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்குங்க.

ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பேக்கப்புக்கு இதே உருவத்துல டிடிஎஸ் கேசட் இருந்திருக்கும், அந்த டிரைவ்கள்ல சில மாடல் மட்டும் ஆடியோ டேட்டையும் படிக்கும். எல்லாம் படிக்காது, ஆசைப்பட்டு ஏமாந்துடாதீங்க.

சும்மா ஆசைக்காக டேட் வாங்கலாமான்னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்வேன். புதுசாப் பதிவு பண்ண இன்னிக்கு உங்க போனே போதும். இருக்கிற டெக் எல்லாம் இருக்கிற கேசட்டைப் படிச்சு முடிக்கிறதுக்கே பத்துமான்னு சந்தேகம். என் டெக்கை இப்போ மூணாவது குடும்பத்துக்குக் கடன் கொடுத்திருக்கேன். அவங்க தாத்தாவோட நாதஸ்வரம், பதினோரு கேசட். இதுவரைக்கும் ஒன்பது பேசிடுச்சு.

பி.கு: அப்பாயி பாட்டு எல்லாத்தையும் பெரியப்பா, அத்தைங்க, சித்தப்பா, அவங்க பிள்ளைங்கன்னு 14 பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாச்சு. "இதை நீங்களும் நாலு பேருக்குக் காப்பி போட்டுக் கொடுங்க"ன்னு ஒரு சீட்டும் கூடவே வெச்சிருக்கேன். எந்த மெஷினும் தடுக்காது. :-)